அந்த வரியை அழிக்கலாமா?

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை சட்டென்று கருத்துவிடும். இரண்டு மூன்று நொடி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் திரும்பி வரும். வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் எட்டிப் பார்க்கும். டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது, இப்போது மீண்டுவிட்டது என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு மறையும். விண்டோஸ் 7 காலத்தில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு.

நாவலூரில் தாழம்பூர் பக்கம் திரும்பும் சாலையில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு இந்தப் பெட்டி நல்ல வருமானம் தந்திருக்கிறது. சாயந்திரம் டீக்கு அவரும் நானும் ஒரே பெஞ்சு. சிப்பை ஹாட் ஏரில் சூடாக்கி எடுத்து ரீபால் செய்து திரும்ப உட்காரவைக்கும் கை அவருடையது. நான் கொஞ்சகாலம் டிரைவர் எழுதும் வேலையில் இருந்தவன் என்று தெரிந்ததும், பல நாள் மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

“தம்பி, டிரைவரத் தூக்கிட்டுத் திரும்பப் போட்டா பாதி கேஸு சரியாயிடுது. அப்ப சிப்பு நல்லாத்தான இருக்கு? அந்த டிரைவர எழுதுனவங்க முதல்லயே ஒழுங்கா எழுதிருக்கலாமில்ல?”

நியாயமான கேள்வி. ஒரு டீயில் பதில் சொல்லி முடியவில்லை.

கிராபிக்ஸ் சிப்புக்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆயிரக்கணக்கான ரிஜிஸ்டர்களும், அதற்கென்றே உள்ள சில கட்டளைகளும்தான். நாங்கள் உட்கார்ந்திருந்த கடையையே காட்டிச் சொன்னேன். மாஸ்டர் தலை நிமிர்வதில்லை. ஆர்டர் எடுப்பவர் ‘ஒரு ஸ்ட்ராங், ரெண்டு சர்க்கரை கம்மி’ என்று பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். மாஸ்டர் மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுத் தள்ளுகிறார். பலகை நிரம்பினால் மறுபடி மேலிருந்து எழுத வேண்டியதுதான். ஆர்டர் எடுப்பவர்தான் டிரைவர், மாஸ்டர்தான் சிப். அந்தப் பலகைக்கு டிரைவர் எழுதுபவர்கள் மொழியில் ரிங் பஃபர் என்று பெயர். எழுதும் முனை ஓடிக்கொண்டிருந்து, படிக்கும் முனை ஒரே இடத்தில் நின்றுவிட்டால் சிப் மாட்டிக்கொண்டது என்று பொருள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து மைக்ரோசாஃப்ட் இதற்கு ஒரு கெடு வைத்தது. ஒரு வேலை 2 நொடிக்குள் முடியவுமில்லை, நடுவில் விட்டுக்கொடுக்கவுமில்லை என்றால் சிப்பை ரீசெட் செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். திரை கருத்தது அந்த ரீசெட்தான்.

அதற்கு முந்தைய காலத்தில் இயந்திரம் அப்படியே உறைந்துவிடும், அல்லது நீலத்திரை வரும். விஸ்டா வந்த புதிதிலும் நிலைமை பெரிதாக நன்றாக இல்லை. 2007 இல் மைக்ரோசாஃப்ட் சேகரித்த விஸ்டா முடக்கங்களின் கணக்கு பிறகு ஒரு வழக்கில் ஆவணமாக வெளிவந்தது. அதில் 28.8 சதவீதம் என்விடியா டிரைவர்களின் தலையில் விழுந்திருந்தது. மைக்ரோசாஃப்டின் சொந்தப் பங்கே 17.9 சதவீதம்தான்.

“அவ்ளோ பெரிய கம்பெனியா?” என்றார் அண்ணன்.

பெரிய கம்பெனியாக இருப்பதால்தான். டிரைவர் எழுதுகிறவருக்கு மூன்று பக்கத்திலிருந்து இடி. மேலே இயங்குதளம் மாறிக்கொண்டே இருக்கும். கீழே வருடத்துக்கு ஒரு புது சிப் வரும், பழையதையும் கைவிட முடியாது. நடுவில், பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே நேரத்தில் ஒரே நினைவகத்தில் கை வைக்கும். சிப் படித்து முடிப்பதற்குள் இந்தப் பக்கம் ‘வேலை முடிந்தது’ என்று நினைத்து அந்த நினைவகத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் போதும், திரையில் கட்டம்கட்டமாகக் குப்பை வரும். அதுவும் தினமும் வராது. குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட சூட்டில், ஆயிரத்தில் ஒரு தடவை வரும். கடைக்குக் கொண்டுவந்தால் வராது.

கடைசி வாக்கியத்துக்கு அவர் பலமாகத் தலையாட்டினார்.

இன்னொன்றும் உண்டு. சிப்பே பிழையோடுதான் பிறக்கிறது. சிலிக்கானில் அச்சாகி வந்தபிறகு அதை யாரும் திருத்த முடியாது, டிரைவர்தான் சுற்றுவழி போக வேண்டும். இன்டெலின் லினக்ஸ் டிரைவருக்கு ஐ915 என்று பெயர். அதில் இப்படிப்பட்ட சுற்றுவழிகளுக்கென்றே நீளமான ஒரு கோப்பு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். பக்கத்திலேயே இன்னொரு சின்னக் கோப்பு. அதில் உள்ளவை சிப்பின் குறைகள் அல்ல, குறிப்பிட்ட லேப்டாப் மாடல்களின் விநோதங்கள். ஏசர் ஆஸ்பயர் 5734இசட் என்ற மாடலில் திரை வெளிச்சம் தலைகீழ். கூட்டினால் மங்கும், குறைத்தால் பளிச்சென்று எரியும். டிரைவரில் அந்த மாடலை அடையாளம் கண்டு, எண்ணைத் திருப்பிப் போடும் வரி ஒன்று இருக்கிறது.

கோட் சுத்தம் செய்வது என்று சொல்கிறோமே, அதன் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த, நன்றாகப் படித்த ஒரு பிள்ளை அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கிறது. ‘வெளிச்ச எண்ணை ஏன் உச்ச எண்ணிலிருந்து கழிக்கிறார்கள்? அசிங்கமாக இருக்கிறதே.’ அழித்துவிட்டால் கோட் அழகாகிவிடும், அந்தப் பிள்ளையின் மேசையில் இருக்கும் இயந்திரமும் நன்றாகவே ஓடும். உலகத்தில் எங்கோ ஒருவர் 5734இசட்டை ஆன் செய்து இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டிரைவரில் அசிங்கமான வரி என்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய இயந்திரம்.

இதை நம்மூர் நிகழ்வோடு வைத்துச் சொன்னால் அண்ணனுக்குப் பிடிபடும் என்று 2011க்குப் போனேன். அந்த வருடம் செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் வழியாகப் பல கம்பெனிகளிடமிருந்து வாங்கிக் கொடுத்தார்கள். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பாஸ் என்பது டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது, 2007 முதல் வருகிறது.

அதே வருடத் தொடக்கத்தில்தான் இன்டெல் ‘சாண்டி பிரிட்ஜ்’ தலைமுறையை இறக்கியிருந்தது. பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே சில்லில். அதில் ஆர்சி6 என்றொரு வசதி. திரையில் வரைய வேலை இல்லாத கணங்களில் கிராபிக்ஸ் பகுதியைக் கிட்டத்தட்ட அணைத்துவிடும், பேட்டரி நன்றாக நிற்கும். விண்டோஸில் அது ஓடியது. லினக்ஸில்? 2011 இல் போட்டார்கள், சில லேப்டாப்புகள் உறைந்தன, எடுத்துவிட்டார்கள். திரும்பப் போட்டுப் பார்த்தார்கள், திரும்பத் தகராறு. விவரம் தெரிந்தவர்கள் மட்டும் பூட் ஆகும் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்துத் தாங்களாகவே போட்டுக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு லினக்ஸ் என்றால் சூடும், பேட்டரி தீர்வதும்தான்.

“2012ல கரண்டு எங்க இருந்துச்சு?” என்றார் அண்ணன். உண்மைதான். சென்னைக்குள் இரண்டு மணி நேரம் என்றால், சென்னையைத் தாண்டி பாதி நாள் மின்வெட்டு இருந்த வருடம். லேப்டாப்பின் பேட்டரி இன்னொரு அரை மணி நேரம் நிற்பது ஒரு பிளஸ் டூ மாணவிக்குப் பெரிய விஷயமாக இருந்த காலம்.

சிக்கல் எப்படி அவிழ்ந்தது? ஒரு மேதாவி ஒரே இரவில் உட்கார்ந்து கண்டுபிடித்ததாகக் கதை சொன்னால் நன்றாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. ஆர்சி6 என்பது ஒன்றல்ல, ஆழத்தில் மூன்று படிகள். மேலோட்டமான படி, அதைவிட ஆழமானது, இன்னும் ஆழமானது. எந்த இயந்திரத்தில் எந்தப் படியில் என்ன கெடுகிறது என்று ஊர் ஊராகப் பலர் ஓட்டிப் பார்த்துச் சொன்னார்கள். திரை சிதைவது ஆழ்ந்த படியில்தான் என்று தெளிந்தது. மெய்நிகர் இயந்திரங்களுக்கான வசதி ஒன்று கூடவே இயங்கும்போது உறைகிறது என்ற சந்தேகம் வலுத்தது. 2012 தொடக்கத்தில் வந்த ஒரு பேட்ச் (கோடில் செய்யும் மாற்றம்), சாதாரண ஆர்சி6ஐ மட்டும் சாண்டி பிரிட்ஜுக்கு இயல்பாகவே போட்டுவிட்டது. ஆழ்ந்த படியைத் தொடவில்லை. வரிக்கணக்கில் பார்த்தால் அது மிகச் சின்ன பேட்ச், அதன் பின்னால் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட சோதனை.

பிழை எங்கே புகுந்தது என்று தேட ஒரு நல்ல வழி உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ஒவ்வொரு பதிப்பிலும் ஏறத்தாழ 13,000 முதல் 15,000 மாற்றங்கள் சேர்கின்றன. போன பதிப்பில் நன்றாக இருந்தது, இந்தப் பதிப்பில் திரை வரவில்லை. ஒவ்வொரு மாற்றமாக நீக்கிப் பார்க்க ஆயுள் போதாது. நட்டநடுவில் உள்ள மாற்றம் வரை மட்டும் எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் பிழை பின்பாதியில், இல்லாவிட்டால் முன்பாதியில். மறுபடி பாதி. 14 தடவை ஓட்டினால் குற்றவாளி ஒரே ஒரு மாற்றமாகக் கையில் நிற்கும். கிட் என்ற கருவியே இந்தப் பாகப்பிரிவினையைச் செய்துதரும். இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பொறுமையும், பிழை தவறாமல் வருகிற ஓர் இயந்திரமும் இருந்தால் போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. மாற்றங்கள் சின்னச் சின்னதாக, ஒன்றுக்கு ஒரே காரணத்தோடு இருந்திருக்க வேண்டும். ‘பிழையைத் திருத்தினேன், அப்படியே பெயர்களை மாற்றினேன், இரண்டு ஃபங்ஷனை ஒன்றாக்கினேன்’ என்று ஒரே பேட்சில் எல்லாவற்றையும் கட்டி அனுப்பினால், 14 ஆவது தடவையில் கிடைப்பது குற்றவாளி அல்ல, ஒரு கும்பல். அதனால்தான் கெர்னலில் திருத்தம் தனி, சுத்தம் தனி. திருத்தம் முதலில் வர வேண்டும், முடிந்தவரை சிறியதாக. ஏனென்றால் அந்தத் திருத்தத்தைப் பிரித்தெடுத்துப் பழைய நிலையான பதிப்புகளுக்கும் கொண்டுபோவார்கள். டெபியன் போன்றவை ஓட்டுவது அந்தப் பழைய பதிப்புகளைத்தான். எந்த மாற்றத்தால் இந்தப் பிழை வந்தது என்று பேட்சின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தால், அது எந்தப் பதிப்பு வரைக்கும் போக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

“அப்ப சுத்தம் பண்ணாமலே விட்டுட வேண்டியதுதான? எதுக்கு வம்பு?” என்றார்.

விட முடியாது என்பதற்கு ஏஎம்டியின் கதைதான் நல்ல சாட்சி. 2016 பிப்ரவரியில் ஏஎம்டி தன் புதிய டிஸ்ப்ளே கோடை லினக்ஸுக்குக் கொடுத்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் வரி. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒரே கோட் ஓட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். அதற்காக, இயங்குதளம் எதுவென்று கீழே உள்ள கோடுக்குத் தெரியாதபடி நடுவில் ஒரு திரை கட்டியிருந்தார்கள். கம்பெனியின் கணக்கில் பார்த்தால் இது புத்திசாலித்தனம். ஒரே வேலையை ஏன் இரண்டு தடவை செய்ய வேண்டும்?

லினக்ஸின் கிராபிக்ஸ் பகுதியைப் பராமரிப்பவர் டேவ் ஏர்லி, அப்போது ரெட் ஹாட்டில் வேலை. 2016 டிசம்பரில் அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த மாதிரித் திரை கட்டிய ஒரு லட்சம் வரியைச் சேர்க்கமாட்டேன் என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைதான் பெரிது, உங்கள் லட்சம் வரி அல்ல என்பது அவர் பதிலின் சாரம். கோபக்காரர் என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அது கோபமாகப் படவில்லை.

காரணம் இதுதான். கெர்னலின் உள்ளே எந்த ஏற்பாடும் நிரந்தரம் இல்லை. நாளைக்கு ஒருவர் மானிட்டர்களைக் கையாளும் பொது அமைப்பை மாற்ற விரும்பினால் தாராளமாக மாற்றலாம், ஆனால் அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் அவரே திருத்தித் தர வேண்டும். இன்டெல்காரர் ஏஎம்டி டிரைவரில் கை வைப்பார், ஏஎம்டிகாரர் குவால்காம் டிரைவரில் கை வைப்பார். அப்படியென்றால் முன்பின் தெரியாத ஒருவர் வந்து படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒவ்வொரு டிரைவரும் இருந்தாக வேண்டும். ஏஎம்டி கட்டிய திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது ஏஎம்டியில் இருப்பவருக்கு மட்டும்தான் புரியும். கம்பெனி நாளைக்கு ஆளைக் குறைத்தால் அந்த லட்சம் வரிக்கு யார் பொறுப்பு?

ஏஎம்டி மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் உட்கார்ந்து திரையைப் பல இடங்களில் கிழித்தார்கள். கெர்னலில் ஏற்கெனவே இருந்த வசதிகளுக்குத் தாங்களும் ஒன்று வைத்திருந்ததைத் தூக்கிவிட்டுப் பொதுவானதையே எடுத்துக்கொண்டார்கள். 2017 நவம்பரில் 4.15 பதிப்புக்காக அது சேர்க்கப்பட்டது, 2018 ஜனவரியில் பதிப்பு வெளிவந்தது. இதற்கு ஒரு விலையும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 2017 ஆகஸ்டில் ஏஎம்டியின் வேகா கார்டை ஆசையாக வாங்கிய லினக்ஸ்காரர்களுக்கு, வழக்கமான கெர்னலில் அந்தக் கார்டிலிருந்து மானிட்டருக்குப் படமே வரவில்லை. 4.15 வரை காத்திருக்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து கோடைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். பணம் கொடுத்தவன் பக்கமிருந்து பார்த்தால் இது அநியாயம். ஆனாலும் இன்றைக்கு கெர்னலின் மொத்த வரிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஏஎம்டியின் டிரைவர். அதில் பெரும்பகுதி ரிஜிஸ்டர்களின் பட்டியல், கருவிகள் தானாக எழுதியவை. மிச்சமுள்ள பகுதியை வெளியாட்கள் தொடமுடிகிறது என்றால் அந்த ஒரு வருடம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

டீ இன்னொன்று வந்தது. பழைய சிப்புகளை என்ன செய்வார்கள் என்று அண்ணன் கேட்டார். அவர் கவலை அவருக்கு.

இரண்டு விதம் உண்டு. 2023 ஏப்ரலில் வந்த 6.3 பதிப்பில் 1990களின் கார்டுகளுக்கான டிரைவர்களை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். ஐ810, சாவேஜ், எஸ்ஐஎஸ், வூடூ கார்டுகளுக்கான டிடிஎஃப்எக்ஸ் என்று ஒரு வரிசை. அந்த டிரைவர்களின் அடிப்படை ஏற்பாடே பாதுகாப்பில்லாதது, சோதித்துப் பார்க்க ஆளும் இல்லை. அது அழித்தல், அதில் எனக்கு மனக்குறை இல்லை.

இன்னொன்று சுவையானது. முப்பரிமாணப் படத்துக்கான கட்டளைகளைத் தயாரிப்பது கெர்னல் அல்ல, மெசா என்ற தனி மென்பொருள். பிரையன் பால் 1993 இல் தொடங்கியது. அதற்குள் காலப்போக்கில் பழைய பாணி, புதிய பாணி என்று இரண்டு அமைப்புகள் சேர்ந்துவிட்டன. எதைத் திருத்தினாலும் இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். 2022 இல் வந்த 22.0 பதிப்பில் பழைய பாணியை முழுதாகத் தூக்கிவிட்டார்கள். அப்படியென்றால் சாண்டி பிரிட்ஜ் காலத்து இன்டெல் லேப்டாப்புகள் என்ன ஆவது? அவற்றின் டிரைவர் பழைய பாணியில் அல்லவா இருந்தது?

அவற்றுக்காகப் புதிய பாணியில் குரோகஸ் என்று ஒரு டிரைவர் 2021 இலேயே எழுதப்பட்டுவிட்டது. பத்து வருடப் பழைய சிப்புகளுக்கு, எந்தக் கம்பெனிக்கும் ஒரு பைசா லாபம் இல்லாத வேலை. அதில் முக்கியமான கை, ஏஎம்டியின் லட்சம் வரியைத் திருப்பி அனுப்பிய அதே டேவ் ஏர்லி. வீட்டை இடிக்கும் முன் குடியிருப்பவருக்கு வேறு வீடு பார்த்துக் கொடுப்பதை நான் சுத்தம் என்று சொல்வேன். வரிசை சரியில்லை, இடைவெளி சரியில்லை என்று கருவி சொல்வதை மட்டும் வைத்துப் பழைய டிரைவர்களுக்கு பேட்ச் அனுப்புபவர்கள் நிறையப் பேர். கெர்னலிலேயே செக்பேட்ச் என்று அதற்கொரு கருவி உண்டு. பராமரிப்பாளர்கள் பலர் அப்படிப்பட்ட பேட்சுகளைத் தொடுவதில்லை. கோட் அழகானதால் ஒரு இயந்திரமும் நன்றாக ஓடாது. இடம் மாறிய வரிகளால் பழைய வரலாற்றைத் தேடுவதும் கஷ்டமாகும்.

செய்ய வேண்டிய சுத்தம் எது என்று அவர்களே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். கெர்னலின் ஆவணங்களிலேயே கிராபிக்ஸ் பகுதிக்கு ஒரு ‘செய்ய வேண்டியவை’ கோப்பு இருக்கிறது. தொடக்கநிலை, நடுத்தரம், கடினம் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பும் உண்டு. சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையில் ஏதாவது உருப்படியாகச் செய்ய நினைக்கும் பிள்ளைகள் அங்கிருந்து தொடங்கலாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்றவை இருக்கின்றன.

“எனக்குக் கோடெல்லாம் வராது தம்பி.”

கோடு தேவையில்லை என்றேன். ஒரு பேட்சின் அடியில் எழுதியவர் பெயர் இருக்கும், படித்துச் சரிபார்த்தவர் பெயர் இருக்கும், ஓட்டிப் பார்த்தவர் பெயரும் இருக்கும். மூன்றாவது பெயருக்குத்தான் பஞ்சம். குரோகஸில் ஒரு வரியை மாற்றினால் அது 2008 சிப்பிலும் ஓடுகிறதா, 2011 சிப்பிலும் ஓடுகிறதா என்று பார்க்க அந்தச் சிப்புகள் யாரிடம் இருக்கின்றன? எழுதுபவர்களிடம் இல்லை. எடைக்குப் போட வந்தவற்றை மனசு வராமல் அடுக்கி வைத்திருப்பவர்களிடம் இருக்கின்றன.

அவர் கொஞ்சம் யோசித்தார். “நாலஞ்சு கவர்மென்ட் லேப்டாப் கெடக்கு. ரெண்டு ஆன் ஆவும். ஆனா பேட்டரி செத்துடுச்சு, அடாப்டர்லதான் ஓடும். பரவால்லியா?”

“பரவால்லண்ணே. கெர்னல நான் என் மெஷின்ல கட்டிக் கொண்டாந்து தரேன், அதுல கட்டுனா விடிஞ்சுடும். எந்த மாடல், எந்தச் சிப்புன்னு மட்டும் தப்பில்லாம எழுதிக் குடுத்துடுங்க.”